ஸ்டார்கேட்: டிவியில் வீடியோ கேம் ஆடி, மெஷினையே வீட்டுக்குக் கொண்டுபோன காலம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஸ்டார்கேட் என்ற எண்பதுகளின் அமெரிக்க டிவி நிகழ்ச்சியின் பழைய எபிசோடுகளை யாருக்காவது அனுப்பினால், திரும்பி வருவது பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன்.

ஸ்டார்கேட் என்றால் அந்த விண்வெளிக் கதையா?

இல்லை. தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ஒரே எழுத்து வந்துவிடுவதுதான் வம்பு. அந்த விண்வெளிக் கதையின் பெயருக்கு நட்சத்திர வாசல் என்று பொருள். இது 'ஸ்டார்' என்பதையும் 'ஆர்கேட்' என்பதையும் ஒட்டவைத்த பெயர். காசு போட்டு ஆடும் வீடியோ கேம் மெஷின்கள் வரிசையாக நிற்கும் கூடத்துக்குத்தான் ஆர்கேட் என்று பெயர். 'ஸ்டார்கேடு' என்று எழுதிக் குழப்பத்தைத் தவிர்க்கலாம் என்று பார்த்தேன். கேடு என்று முடிவது நன்றாக இல்லை, விட்டுவிட்டேன்.

சரி, அது என்ன நிகழ்ச்சி?

போட்டியாளர்கள் ஸ்டுடியோவில் ஆர்கேட் மெஷின்களில் கேம் ஆடி, யாருக்கு ஸ்கோர் அதிகம் என்று மோதிக்கொள்ளும் நிகழ்ச்சி. ஜேம்ஸ் கருசோ, மேவிஸ் ஆர்தர் இருவரும் நடத்திய ஜே.எம். புரொடக்‌ஷன்ஸ் தயாரித்தது. டெட் டர்னரின் டிபிஎஸ் சேனலில் 1982 டிசம்பர் 27 அன்று தொடங்கியது. பிறகு வெவ்வேறு உள்ளூர் சேனல்களுக்குப் போய், 1984 செப்டம்பரில் முடிந்தது. மொத்தம் 133 எபிசோடுகள்.

ஏன் சரியாக அந்த நேரத்தில் வந்தது?

அமெரிக்காவுக்கு அப்போது வீடியோ கேம் காய்ச்சல். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் 1978இல் வந்தது, பேக்-மேன் 1980இல், டாங்கி காங் 1981இல். மூன்றும் ஜப்பானில் பிறந்தவை. துணி துவைக்கும் கடை, பீட்சா கடை, மளிகைக் கடை வாசல் என்று எங்கே பார்த்தாலும் ஒரு மெஷின் நிற்கும். ஒரு ஆட்டத்துக்கு 25 சென்ட். 1982 ஜனவரியில் டைம் பத்திரிகை இதை அட்டைப்படக் கட்டுரையாகவே போட்டது. நாடே ஆடிக்கொண்டிருக்கும் ஒன்றை டிவிக்காரர்கள் விட்டுவைப்பார்களா?

ஆனாலும் பெரிய சேனல்கள் சட்டென்று வாங்கிவிடவில்லை. 1981இலேயே மாதிரி எபிசோடு எடுத்திருந்தார்கள். அது ஒளிபரப்பாகும் தொடராக மாற ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது.

ஆட்டம் எப்படி நடக்கும்?

மேடையில் ஐந்து மெஷின்கள். இரண்டு பக்கமும் போட்டியாளர்கள். சில எபிசோடுகளில் தனியாள், சிலவற்றில் அப்பாவும் பிள்ளையும் மாதிரி ஜோடி.

முதலில் வீடியோ கேம் பற்றி ஒரு கேள்வி. பஸ்ஸரை முதலில் அடித்துச் சரியாகச் சொன்னவருக்கு, ஐந்தில் எந்த மெஷினில் ஆடுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை. அதே மெஷினில் இருவரும் மாறி மாறி ஆட வேண்டும். கையில் இருப்பது ஒரு நிமிடம், அல்லது அதைவிடக் குறைவு. நேரம் தீர்ந்தாலோ கேம் ஓவர் ஆனாலோ கையை எடுக்க வேண்டியதுதான். இப்படி மூன்று ரவுண்டு. மெஷினில் எடுத்த ஸ்கோர்தான் போட்டியின் ஸ்கோர். மூன்று ரவுண்டையும் கூட்டினால் யாருக்கு அதிகமோ அவர் ஜெயித்தார். ஐந்தில் ஒரு மெஷினில் மர்மப் பரிசு ஒளிந்திருக்கும். அது எதுவென்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது.

நடுவில் திரைப் படங்களைக் காட்டி 'இது எந்த கேம்?' என்று கேட்கும் ஒரு சுற்றும் உண்டு. அதற்குத் தனிப் பரிசு.

கடைசியில் ஜெயித்தவருக்கு ஒரு பரீட்சை. இன்னும் ஆடாமல் மிச்சமிருக்கும் மெஷின்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு 30 விநாடி ஆட வேண்டும். அதே கேமை அதே நேரத்துக்கு 20 பேர் ஏற்கெனவே ஆடி, அவர்களின் சராசரி ஸ்கோர் எடுத்துவைத்திருப்பார்கள். அதைத் தாண்டினால் பெரிய பரிசு.

இந்தக் கடைசி ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. எதிராளி போய்விட்டார். இப்போது முகம் தெரியாத 20 பேரின் சராசரியோடு மோத வேண்டும். அதுவும் மூன்று ரவுண்டில் தனக்குப் பிடித்த மெஷினையெல்லாம் ஆடித் தீர்த்த பிறகு, வேண்டாமென்று ஒதுக்கியதில் ஒன்றில்!

ஒரு நிமிடத்தில் என்ன திறமை தெரிந்துவிடும்?

இந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பேச எனக்கு ஆசை வருவதே இந்தக் கேள்வியால்தான். கடையில் நன்றாக ஆடுபவரும் இந்த மேடையில் நன்றாக ஆடுபவரும் ஒரே ஆள் அல்ல.

கடையில் உங்கள் கவலை காசு. போட்ட 25 சென்ட் எவ்வளவு நேரம் ஓடும் என்பதுதான் கணக்கு. அதனால் லைஃப், அதாவது ஆட்டத்தில் கிடைக்கும் உயிர், போகாமல் பார்த்துப் பார்த்து ஆடுவீர்கள். டிவியில் காசு பிரச்சினையே இல்லை, விநாடிதான் பிரச்சினை. மூன்று லைஃபையும் பத்திரமாக வைத்துக்கொண்டு நேரம் தீர்ந்தால், மிச்சமிருக்கும் லைஃபை வைத்து என்ன செய்வது? வட்டிக்கா விட முடியும்?

எல்லோருக்கும் தெரிந்த பேக்-மேனையே எடுத்துக்கொள்வோம். துரத்தும் நான்கு பேய்களிடம் சிக்காமல் புள்ளிகளைத் தின்ன வேண்டிய கேம். ஒரு பலகையில் 240 சின்னப் புள்ளிகள், நான்கு பெரிய புள்ளிகள். சின்னது 10 பாயின்ட், பெரியது 50. எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் தின்றால் 2,600. ஆனால் பெரிய புள்ளி ஒன்றைத் தின்றதும் பேய்கள் நீலமாக மாறிப் பயந்து ஓடுமே, அப்போது நான்கையும் அடுத்தடுத்துப் பிடித்தால் 200, 400, 800, 1,600. மொத்தம் 3,000. ஒரே ஒரு பெரிய புள்ளியால் வருவது, பலகை முழுவதையும் துடைத்து எடுத்தால் வருவதைவிட அதிகம்! நான்கையும் இப்படிப் பயன்படுத்தினால் 12,000.

கடையில் ஆடுபவர் பெரிய புள்ளியை ஆபத்துக்கு உதவும் என்று ஒதுக்கிவைப்பார். விநாடிக் கணக்கில் ஆடுபவர் பேய்களை வேண்டுமென்றே பக்கத்தில் வரவிட்டு, கூட்டம் சேர்ந்ததும் புள்ளியை விழுங்க வேண்டும். அப்படி இழுத்துப் பிடிக்கும்போது கணக்குத் தவறினால் லைஃப் போகும். லைஃப் போனால் அந்தச் சாவுக் காட்சி முடிந்து அடுத்த லைஃப் தொடங்கும்வரை சில விநாடிகள் வீண். ஆக லைஃபின் விலையையும் இங்கே விநாடியில்தான் சொல்ல வேண்டும்.

எபிசோடுகளைப் பார்க்கும்போது இதைக் கவனியுங்கள். கடையில் பழகிய பழக்கத்தை விட முடியாமல் பத்திரமாக ஆடித் தோற்பவர்கள் உண்டு. முதல் விநாடியிலிருந்தே பாயின்ட் எங்கே இருக்கிறதோ அங்கே பாய்கிறவர்களும் உண்டு. எனக்குப் பார்க்கப் பிடித்தது இரண்டாவது வகை. நானே ஆடினால் முதல் வகை.

அப்படியானால் மெஷினைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடுமே?

பாதிக்கு மேலே. ஸ்கோரை அப்படியே கூட்டுவதால் வரும் வினை அது. சில கேம்களில் எதிரியைச் சுட்டால் நூறு, இருநூறுதான். வேறு சிலவற்றில் ஆயிரக்கணக்கில் கொட்டும். கஞ்சத்தனமான கேமில் இருமடங்கு ஸ்கோர் எடுத்துப் பெரிய வீரனாக நின்றாலும், தாராளமான கேமில் எதிராளி கொஞ்சம் முந்தினால் எல்லாம் போச்சு. முன்னிலையில் இருப்பவர் சின்ன ஸ்கோர் கேமையும், பின்தங்கியவர் பெரிய ஸ்கோர் கேமையும் தேட வேண்டும் என்பதுதான் புத்தி. அதற்குப் பஸ்ஸர் கேள்வியில் ஜெயிக்க வேண்டும். கேள்விகள் வெறும் ஒப்புக்கு வைத்தவை என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இது நியாயமா என்று கேட்டால், இல்லைதான். ரவுண்டுக்கு ஒரு வெற்றி என்று வைத்திருந்தால் சுத்தமாக இருந்திருக்கும். ஆனால் இரண்டு ரவுண்டில் ஜெயித்ததுமே சுவாரசியம் போயிருக்கும். கடைசி மெஷின்வரை எதுவும் தலைகீழாகலாம் என்ற பதற்றம் இந்த அநியாயத்தால்தான் கிடைக்கிறது.

வீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் ஆடுவதை எதற்குப் பார்க்க வேண்டும்?

இன்று யாரும் இதைக் கேட்பதில்லை, பாதி உலகம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. 1982இல் இது உண்மையான சிக்கல். வினாடி வினா என்றால், சோபாவில் இருப்பவரும் கூடவே பதில் சொல்லிப் பார்க்கலாம். தெரிந்துவிட்டால் போட்டியாளரைத் திட்டலாம். அந்தத் திட்டும் சுகத்துக்காகத்தான் பாதிப் பேர் வினாடி வினாவே பார்க்கிறார்கள். கேமில் அது நடக்காது, ஜாய்ஸ்டிக் அவர் கையில் அல்லவா இருக்கிறது.

பஸ்ஸர் கேள்வியும், படத்தைப் பார்த்து கேம் பெயர் சொல்லும் சுற்றும் வீட்டில் இருப்பவருக்காகப் போட்டவை என்றுதான் நினைக்கிறேன். மற்ற நேரத்தில் திரை நிறைய கேம், பக்கத்தில் ஓடும் கடிகாரம், ஏறும் ஸ்கோர். ஆட்டம் புரியாத பாட்டிக்கும் எண் ஏறுவது புரியும்.

தொகுப்பாளர் யார்?

தொடர் வருவதற்கு முன்பே இரண்டு பேர் வந்து போனார்கள். முதல் மாதிரி எபிசோடை நடத்தியவர் மைக் எரூசியோன். 1980 குளிர்கால ஒலிம்பிக்கில் சோவியத் அணியை வீழ்த்திய அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணியின் கேப்டன், வெற்றி கோலை அடித்தவரும் அவரே. அடுத்து வந்தவர் அலெக்ஸ் ட்ரெபெக். 1984இலிருந்து ஜெபர்டி வினாடி வினாவை நடத்திப் பெயர் பெற்ற அதே ட்ரெபெக்.

தொடரின் முதல் 23 எபிசோடுகளை நடத்தியவர் மார்க் ரிச்சர்ட்ஸ். அவருக்கும் கேம்களுக்கும் அவ்வளவு ஒட்டவில்லை, பார்த்தாலே தெரியும். பிறகு முடியும்வரை ஜெஃப் எட்வர்ட்ஸ்.

எட்வர்ட்ஸ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1931இல் பிறந்தவர், வரும்போதே ஐம்பதைத் தாண்டியவர். அதற்கு முன் ஜாக்பாட், ட்ரெஷர் ஹன்ட் போன்ற போட்டி நிகழ்ச்சிகளை நடத்தியிருந்தார். வீடியோ கேம் பற்றி அவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் வந்த பிறகு உட்கார்ந்து கற்றுக்கொண்டு, உண்மையிலேயே ரசிகராகிவிட்டார். போட்டியாளர் தடுமாறும்போது அவர் குரலில் வரும் தவிப்பு நடிப்பு மாதிரி இல்லை. இன்னொரு செய்தி: 1963இல் அவர் வானொலிச் செய்தியாளர். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் கொலையில் கைதான ஆஸ்வால்டை டாலஸ் காவல் நிலையத்தில் ஜாக் ரூபி சுட்டபோது அங்கே இருந்தவர்களில் அவரும் ஒருவர். அதற்கெல்லாம் பிறகுதான் இந்த மனிதர் சிறுவர்களோடு டாங்கி காங் ஜூனியர் பற்றிப் பேசிக்கொண்டு நிற்கிறார். 2014இல் காலமானார்.

பரிசு என்ன கொடுத்தார்கள்?

பெரிய பரிசு, பெரும்பாலும் ஒரு ஆர்கேட் மெஷின். கடையில் நிற்குமே, அதே ஆள் உயர மெஷின். நூறு கிலோவைத் தாண்டும். பதினான்கு வயதுப் பையன் ஜெயித்துத் துள்ளிக் குதிப்பான். பக்கத்தில் நிற்கும் அம்மாவின் முகத்தில் சந்தோஷத்தோடு இன்னொன்றும் தெரியும்: இதை எங்கே வைப்பது? வேறு சில காலங்களில் ஜூக்பாக்ஸ் (காசு போட்டால் பாட்டு போடும் பெட்டி), வீட்டு ரோபோ என்றும் கொடுத்தார்கள். அந்த ரோபோக்கள் என்ன வேலை செய்தன என்பது வேறு கதை.

டிராகன்ஸ் லேயர் இதில் வந்ததா?

வந்தது. 1983 கோடையில் அமெரிக்க ஆர்கேட்களைக் கலக்கிய கேம் அது. டான் ப்ளூத் வரைந்த முழு கார்ட்டூன் படம், லேசர் டிஸ்க்கிலிருந்து ஓடும். ஒரு ஆட்டத்துக்கு 50 சென்ட், வழக்கமானதைப் போல இருமடங்கு. டிவியில் பார்க்க இதைவிட அழகான கேம் அப்போது கிடையாது. ஆனால் ஆட்டம் என்று பார்த்தால், சரியான நொடியில் சரியான பக்கம் ஜாய்ஸ்டிக்கைத் தள்ள வேண்டும், அவ்வளவுதான். மனப்பாடம் செய்தவர் ஜெயிப்பார், செய்யாதவர் சாவார். பள்ளிப் பரீட்சையை டிவியில் பார்ப்பது போல.

மோசடி ஏதும் நடந்திருக்குமா?

அமெரிக்காவில் ஐம்பதுகளில் வினாடி வினா நிகழ்ச்சிகள் பதிலை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து மாட்டிக்கொண்டன. அதன் பிறகு, 1960இல், போட்டி முடிவை முன்பே தீர்மானிப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. ஸ்டார்கேட் அந்தச் சட்டத்துக்குப் பிந்தியது. தவிர ஸ்கோரை எழுதுவது மெஷின், நடுவர் அல்ல.

இதுதான் உலகின் முதல் வீடியோ கேம் போட்டி நிகழ்ச்சியா?

வீடியோ கேமை டிவியில் காட்டியதில் இது முதல் இல்லை. 1978லேயே டிவி பவ் என்று ஒன்று வந்தது. வீட்டிலிருந்து போன் செய்பவர் டிவியைப் பார்த்துக்கொண்டே 'பவ்!' என்று கத்த வேண்டும், ஸ்டுடியோவில் இருக்கும் கேமில் குண்டு பாயும். தொடக்கத்தில் ஃபேர்சைல்ட் கம்பெனியின் சேனல் எஃப் என்ற கருவியில் நடத்தினார்கள். வீட்டுக்குள் ஒரு பிள்ளை போனைப் பிடித்துக்கொண்டு பவ் பவ் என்று கத்துவதை நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

1983 ஜனவரியில் அயோவா மாநிலத்தின் ஆட்டம்வா என்ற சிற்றூரில் (ஆமாம், ஊர்ப் பெயரே அப்படித்தான்) நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கூட்டிப் போட்டி நடத்தி, ஏபிசி சேனலின் 'தட்ஸ் இன்க்ரெடிபிள்' நிகழ்ச்சியில் காட்டினார்கள். ஆனால் அது ஒரு தடவை நடந்த விழா. வாராவாரம் ஆட்களைக் கூட்டி ஆர்கேட் மெஷினில் மோதவிட்டது என்று பார்த்தால் ஸ்டார்கேட்தான் முன்னோடி.

ஏன் நின்றுபோனது?

1983இல் அமெரிக்க வீடியோ கேம் வியாபாரம் படுத்துவிட்டது. வீட்டு கேம் விற்பனை அந்த ஆண்டில் சுமார் 320 கோடி டாலர், 1985இல் 10 கோடி என்று சொல்லப்படும் அளவுக்கு வீழ்ச்சி. ஆர்கேட்களும் வரிசையாக மூடப்பட்டன. கூட்டமே கலைந்த பிறகு கச்சேரி எப்படி நடக்கும்? அதே தயாரிப்பாளர்கள் 'தி வீடியோ கேம்' என்ற பெயரில் இன்னொரு நிகழ்ச்சி நடத்திப் பார்த்தார்கள், அதுவும் நீடிக்கவில்லை.

பிற்பாடு யாரும் முயலவில்லையா?

நிறைய. எனக்குப் பிடித்தது பிரிட்டனின் கேம்ஸ்மாஸ்டர். சேனல் 4இல் 1992 ஜனவரியில் தொடங்கி 1998வரை ஓடியது. டொமினிக் டயமண்ட் நடத்தினார், மூன்றாவது சீசனில் மட்டும் வேறொருவர். ஸ்கோரைக் கூட்டும் தலைவலி இங்கே இல்லை. ஒரு கேமில் ஒரு சவால், முடித்தால் தங்க ஜாய்ஸ்டிக். அவ்வளவுதான். ஆள் உயர மெஷினைவிட அந்தச் சின்ன ஜாய்ஸ்டிக்குக்கு மதிப்பு அதிகம் என்று பிள்ளைகளை நம்பவைத்தார்கள் பாருங்கள், அது சாமர்த்தியம்.

அதில் கேம்ஸ்மாஸ்டர் என்று மிதக்கும் தலையாக வந்து சவால் சொன்னவர் பேட்ரிக் மூர். 1957இலிருந்து பிபிசியில் வானியல் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்த, மதிப்புக்குரிய வானியலாளர். கேம் குறிப்புகளை அவர் அவ்வளவு கம்பீரமாகச் சொல்லும்போது, சனிக்கோளின் வளையங்களைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார் என்று தோன்றும்.

அதே 1992இல் அமெரிக்காவின் நிக்கலோடியன் சேனலில் நிக் ஆர்கேட் வந்தது. கடைசிச் சுற்றில் பிள்ளைகளே கேமுக்குள் இறங்கிவிடுவார்கள். நீலத் திரைமுன் குதித்தால் டிவியில் குகைக்குள் குதிப்பது போலத் தெரியும். அவர்களுக்கோ சுற்றிலும் வெறும் நீலச் சுவர். மானிட்டரைப் பார்த்துப் பார்த்துத் தடுமாறுவது பரிதாபம். டென்மார்க்கின் ஹியூகோ 1990இல் தொடங்கியது. குட்டிப் பூதம் ஒன்றைப் போன் பட்டன்களால் ஓட்ட வேண்டும். பிறகு பல நாடுகளுக்கு அவரவர் மொழியில் போனது.

இப்போது பார்க்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

2000களின் தொடக்கத்தில் ஜி4 என்ற கேமிங் சேனல் ஸ்டார்கேட்டை மறுஒளிபரப்பு செய்தது. இப்போது இணையத்தில் நிறைய எபிசோடுகள் கிடைக்கின்றன. முதல் 23ஐத் தாண்டி, எட்வர்ட்ஸ் வந்த பிறகு உள்ளவற்றில் தொடங்குங்கள். வரிசை முக்கியமில்லை. 2017இல் ஷவுட் நிறுவனம் உரிமையை வாங்கி, புதிதாக எடுக்கப்போவதாகவும் அறிவித்தது. கேம்ஸ்மாஸ்டர் 2021இல் புதிய ஆட்களோடு கொஞ்ச நாள் திரும்பி வந்தது.

வீட்டில் இந்த மாதிரி ஆடிப் பார்க்கலாமா?

தாராளமாக. பழைய கேம் தொகுப்பு ஒன்றும், போனில் ஒரு டைமரும் போதும். மூன்று கேம், ஆளுக்கு 50 விநாடி, ஸ்கோரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நானும் என் அக்கா மகனும் ஒரு தீபாவளி விடுமுறையில் ஆடினோம். முதல் இரண்டு ரவுண்டிலும் நான் ஜெயித்தேன், எட்டாயிரம் பாயின்ட் முன்னிலை. மூன்றாவதை அவன் தேர்ந்தெடுக்க வேண்டும். தொகுப்பில் ஓரமாகக் கிடந்த ஒரு பின்பால் கேமைத் தொட்டான். அதில் பந்து சும்மா இடித்தாலே லட்சக்கணக்கில் ஏறும். "மாமா, ரூல்ஸ் நீங்கதானே சொன்னீங்க" என்றான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பின்பாலுக்குத் தடை.